மனச்சான்றும் நல்லெண்ணமும்: பொதுச் சுகாதாரச் சட்டங்களின் சொல்லாட்சியில் அரசியற் கோட்பாடு (1853–1907)

1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அம்மைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டும் ஒரே பேரரசின் சட்டங்கள். இரண்டும் பரவும் நோயைத் தடுக்க எழுந்தவை. இரண்டும் ஒருவருடைய உடல்மீது அரசு கைவைக்கும் உரிமையைப் பற்றியவை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. இங்கிலாந்துச் சட்டம் குடிமகனின் மனச்சான்றைக் குறிப்பிடுகிறது. அம்மை குத்துவது தன் குழந்தையின் உடல்நலத்திற்குக் கேடு என ஒருவர் மனச்சான்றின்படி நம்பினால், அவருக்குத் தண்டனை இல்லை என்கிறது. இந்தியச் சட்டம் அலுவலரின் நல்லெண்ணத்தைக் குறிப்பிடுகிறது. இச்சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்த எச்செயலுக்காகவும் எவர்மீதும் வழக்குத் தொடர இயலாது என்கிறது. முன்னதில் சட்டம் நம்ப முன்வருவது ஆளப்படுபவரின் உள்ளத்தை; பின்னதில் ஆள்பவரின் உள்ளத்தை.

பொதுச் சுகாதாரம் பற்றிய அறவியல் வினாக்கள் பெரும்பாலும் ஒரு தராசின் உருவில் முன்வைக்கப்படுகின்றன. ஒரு தட்டில் தனிமனித உரிமை, மறு தட்டில் பொதுநலம். எது கனக்கிறது என்பதே வினா. இத்தராசு பயனற்றதன்று. ஆனால் தராசைப் பிடித்திருப்பவர் யார், யாருடைய சொல்லை ஏற்று எடை போடுகிறார் என்பதை அது காட்டுவதில்லை. அதனைக் காட்டுவது அரசியற் கோட்பாடு. அக்கோட்பாடு நூல்களில் மட்டுமன்றிச் சட்டத்தின் சொற்களிலும் உறைந்து கிடக்கிறது என்பதை, இங்கிலாந்தின் அம்மைத் தடுப்புச் சட்ட வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் பற்றி ஒரு குறிப்பு

தமிழில் நெடுங்காலம் வழங்கிய தொடர் ‘அம்மை குத்துதல்’ என்பது. ‘தடுப்பூசி’ பின்னர் வந்த சொல். 19ஆம் நூற்றாண்டு நடைமுறைக்குப் பழைய தொடரே பொருத்தமானது. அன்று அம்மைத் தடுப்பில் மருந்தை ஊசிவழி உடலுக்குள் செலுத்தும் முறை இல்லை. சிறு கத்தியால் தோலைக் கீறி அம்மைப்பாலை இட்டனர். ஆனால் பழைய தொடரில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பெரியம்மைச் சீழையே எடுத்து நலமுள்ளவரின் உடலில் ஏற்றும் பழைய முறை ஒன்று. எட்வர்டு ஜென்னர் 1796இல் செய்து பார்த்து 1798இல் நூலாக வெளியிட்ட பசு அம்மை முறை மற்றொன்று. ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள் அமைந்தன. பின்னதன் பெயர் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழ்த் தொடரோ எந்த அம்மையைக் குத்துவது என்று சொல்வதில்லை. 1840ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம் முதல் முறையைத் தடை செய்து, இரண்டாவதை இலவசமாக வழங்கியது. ‘அம்மை குத்துவது தடை செய்யப்பட்டது, அம்மை குத்துவது இலவசமாக்கப்பட்டது’ என்று எழுத நேரும் மொழிபெயர்ப்பாளரின் நிலை எண்ணிப் பார்க்கத்தக்கது. இக்கட்டுரையில் இத்தொடர் பசு அம்மை முறையை மட்டுமே குறிக்கும்.

கட்டாயம் வந்த வழி

1840ஆம் ஆண்டின் ஏற்பாடு ஏழையர் சட்டத்தின் அமைப்புகள் வழியே நடத்தப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் உதவி பெறுவது அன்றைய இங்கிலாந்தில் இழிவாகக் கருதப்பட்டது. உதவி பெற்றவர் சில உரிமைகளையும் இழந்தார். ஆகவே, அம்மை குத்திக்கொள்வது ஏழையருக்கான உதவி ஆகாது என்று 1841இல் தனியே ஒரு சட்டத்தால் விளக்க வேண்டியதாயிற்று. நோய்த்தடுப்பு முதன்முதலில் மக்களின் வாயிற்படிக்கு வந்தபோதே எந்த அலுவலகத்தின் பெயரைத் தாங்கி வந்தது என்பது பின்வரும் வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

1853இல் கட்டாயம் புகுந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 3 மாதங்களுக்குள் அம்மை குத்த வேண்டும். தவறினால் 20 ஷில்லிங் வரை தண்டம். அத்தொகை பண்ணைத் தொழிலாளி ஒருவரின் ஒரு வார ஊதியத்தைவிட மிகுதி. எனினும் சட்டத்தை நிறைவேற்றத் தனி அலுவலர் இல்லாததால் பலர் தப்பினர். 1867ஆம் ஆண்டுச் சட்டம் பிடியை இறுக்கியது. 14 வயது வரை ஒரே குழந்தையின் பொருட்டுப் பெற்றோரை மீண்டும் மீண்டும் தண்டிக்க வழி பிறந்தது. 1870களின் தொடக்கத்தில் பெரியம்மை கடுமையாகப் பரவி, இங்கிலாந்திலும் வேல்சிலும் 40,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வட்டாரத்திலும் அம்மைத் தடுப்பு அலுவலரை அமர்த்துவதைக் கட்டாயமாக்கியது. பிறப்புப் பதிவேட்டையும் அம்மை குத்திய சான்றிதழையும் ஒப்பிட்டு விடுபட்டவரைக் கண்டறிவது அவர் பணி. சட்டத்திற்குக் கண்ணும் கையும் கிடைத்த பின்னரே எதிர்ப்பும் பேரியக்கமாயிற்று.

அவ்வியக்கத்தின் பெயர்களும் கருதத்தக்கவை. 1860களில் தோன்றிய அமைப்பு தன்னைக் கட்டாயத்தை எதிர்ப்பதாகக் கூறிக்கொண்டது. நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அமைப்பின் பெயரில் கட்டாயம் மறைந்து, அம்மை குத்துவதையே எதிர்ப்பது எஞ்சியது. முதல் நிலை அரசியல் சார்ந்தது. இரண்டாவது மருத்துவம் சார்ந்தது. முதலாவதை ஒருவர் ஏற்று இரண்டாவதை மறுக்கலாம். அவ்வாறு செய்தவர் பலர். ‘கட்டாயத் தடுப்பூசி எதிர்ப்பு’ என்னும் தமிழ்த் தொகையில் எதிர்க்கப்படுவது கட்டாயமா, தடுப்பூசியா என்பது விளங்குவதில்லை. 2021ஆம் ஆண்டின் விவாதங்களிலும் இம்மயக்கம் தொடர்ந்தது.

தீங்கு விலக்கும் கொள்கையும் அதன் எல்லையும்

இவ்விவாதத்திற்குக் கோட்பாட்டாளர்கள் தந்த கருவிகள் எவை? ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1851இல் வெளியிட்ட நூலில் மக்கள் நலவாழ்வைக் கண்காணிப்பது அரசின் கடமையே அன்று என வாதிட்டார். அந்நிலைப்பாட்டை முழுமையாக ஏற்றால் கழிவுநீர் வாய்க்காலும் கட்ட இயலாது. அரசின் மருத்துவ அலுவலராக விளங்கிய ஜான் சைமன் மறுமுனையில் நின்றார். 1857இல் அம்மைத் தடுப்பின் வரலாற்றை விரிவாகத் தொகுத்தளித்த அவர், வினாவைப் பெற்றோரின் உரிமையாகக் காணவில்லை. குழந்தையின் உயிராகவே கண்டார்.

இவ்விருவருக்கும் இடையில் ஜான் ஸ்டுவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூல் நிற்கிறது. ஒருவரை அவர் விருப்பத்திற்கு மாறாக வற்புறுத்துவதற்குத் தகுந்த காரணம் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பது ஒன்றே. அவருடைய சொந்த நன்மை போதிய காரணம் ஆகாது என்பது அந்நூலின் மையக் கருத்து. இக்கொள்கையை இரு தரப்பினரும் எடுத்தாள முடிந்தது. அம்மை குத்தாத குழந்தை அண்டை வீட்டாருக்கு நோயைத் தரும்; எனவே கட்டாயம் நியாயமே என்றது ஒரு தரப்பு. அம்மை குத்தியது உண்மையிலேயே காக்கும் எனில், குத்திக்கொண்டவருக்குக் குத்தாதவரால் தீங்கில்லை; எனவே கட்டாயம் தேவையில்லை என்றது மறுதரப்பு. இரண்டாவது வாதம் கேட்பதற்குக் கூர்மையானது, உண்மையில் தவறானது. அம்மைப் பாதுகாப்பு காலப்போக்கில் குறைகிறது. பச்சிளங்குழந்தைகளும் உடல்நிலை காரணமாகக் குத்திக்கொள்ள இயலாதவரும் எப்போதும் உள்ளனர். ஆயினும் இத்தவறைத் திருத்துவது மருத்துவ அறிவேயன்றி மில்லின் கொள்கை அன்று. எது தீங்கு, எவ்வளவு தீங்கு என்பதை யார் முடிவு செய்வது என்னும் வினாவிற்கு அக்கொள்கை விடை தருவதில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. மில் தம் கொள்கை முதிர்ந்த வயதினருக்கே உரியது என்று தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டார். குழந்தைகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்பவர். இங்கிலாந்தின் அம்மைத் தடுப்புச் சட்டமோ குழந்தைகளின் உடலைப் பற்றியது. கத்தி படுவது குழந்தையின் கையில். தண்டம் கட்டுவது தந்தை. காக்கப்படுவது குழந்தையும் ஊரும். உடலுக்கு உரியவரும் முடிவெடுப்பவரும் வேறாகும்போது ‘தன் உடலுக்குத் தானே தலைவன்’ என்னும் வாதம் அப்படியே செல்லாது.

மில்லின் சிந்தனை பொதுச் சுகாதாரத்திற்கு மெய்யாகவே கைகொடுத்த இடம் வேறொன்று. படைவீரர் தங்கும் நகரங்களில் பால்வினை நோயைக் கட்டுப்படுத்த 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. பாலியல் தொழில் செய்பவர் எனக் காவலர் ஐயுற்ற பெண்ணைக் கட்டாய உடற்சோதனைக்கு உட்படுத்தவும், நோய் இருப்பின் மருத்துவமனையில் அடைத்து வைக்கவும் அவை இடமளித்தன. ஆணுக்குச் சோதனை இல்லை. ஜோசபின் பட்லர் தலைமையில் பெண்கள் இதனை எதிர்த்துப் போராடினர். 1871இல் அரச ஆணைக்குழுவின்முன் சாட்சியம் அளித்த மில், நோய்த்தடுப்பின் பயனை மறுத்து வாதிடுவதோடு நிற்கவில்லை. வெறும் ஐயத்தின்பேரில் ஒரு பெண்ணின் உரிமையைப் பறிப்பதையும், நோயை வீட்டிற்குக் கொண்டுவரும் ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பிடிப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். சட்டம் எவர் சொல்லை நம்பி எவர் உடலைத் தொடுகிறது என்னும் வினா இங்கு நேராக எழுப்பப்பட்டது. அச்சட்டங்கள் 1883இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1886இல் நீக்கப்பட்டன.

சுமை யார்மீது

அம்மைத் தடுப்புச் சட்டத்திலும் இதே வினா ஏழைத் தொழிலாளரின் வாயிலாக எழுந்தது. செல்வர் தம் குடும்ப மருத்துவரை வீட்டிற்கு அழைத்துக்கொண்டனர். ஏழையின் குழந்தை பொது நிலையத்திற்குச் செல்ல வேண்டும். கையில் பல இடங்களில் கீறுவர். ஒரு வாரம் கழித்துப் புண்ணைக் காட்ட மீண்டும் செல்ல வேண்டும். அப்போது அக்குழந்தையின் கொப்புளத்திலிருந்து அம்மைப்பாலை எடுத்து, வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழந்தைக்கு இடுவர். கையிலிருந்து கைக்குச் செல்லும் இம்முறையில் வேறு நோய்கள், குறிப்பாக மேகப்புண், பரவக்கூடும் என்ற அச்சம் பெற்றோரிடம் இருந்தது. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அரிதாகவேனும் அவ்வாறு நேர்ந்தது. அறியாமை என்று அதிகாரிகள் ஒதுக்கிய அச்சத்தில் ஒரு பகுதி உண்மையாக இருந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான செய்தி. எதிர்ப்பாளர் கூறிய மற்றவற்றில் பெரும்பகுதி பொய் என்பதும் உடன் சொல்லத்தக்கது. பெரியம்மை அழுக்கினால் மட்டுமே வருவது, அம்மை குத்துவதால் பயனேதும் இல்லை என்பன போன்ற கூற்றுகளை அவர்கள் விடாது பரப்பினர்.

தண்டத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. வசதியுள்ளவருக்கு அது தம் கொள்கைக்குக் கொடுக்கும் கட்டணம். தொழிலாளிக்கோ அது வீட்டுப் பொருள்கள் ஏலம் போவதாகவும், அவை போதாதபோது சிறைவாசமாகவும் முடிந்தது. யார்க்ஷயரின் கீத்லி நகரில் சட்டத்தை நிறைவேற்ற மறுத்த ஏழையர் நல வாரியத்தினரே 1876இல் யார்க் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். சட்டப்படி ஒன்றாக இருந்த தண்டனை வாழ்க்கையில் இரண்டாக இருந்தது. சமத்துவம் பற்றிய கோட்பாடு இல்லாமல் இதனை ஓர் அறவியல் சிக்கலாகக் காண்பதும் அரிது. நோய்த்தடுப்பின் பயனை மட்டும் கணக்கிடுபவருக்கு இந்த இரண்டு தண்டனைகளும் ஒரே எண்ணாகவே தோன்றும்.

லெஸ்டர் நகரின் வழி

எதிர்ப்பின் தலைநகராக விளங்கியது லெஸ்டர். 1885 மார்ச்சில் அங்கு நடந்த ஆர்ப்பாட்டத்தில் பல்லாயிரவர் கலந்துகொண்டனர். ஆனால் அந்நகர் எதிர்ப்போடு நின்றுவிடவில்லை. 1870களின் பிற்பகுதியிலிருந்தே அங்கு வேறொரு முறை உருவாகி வந்தது. நோய் கண்டவுடன் நகராட்சிக்கு அறிவித்தல், நோயாளியை மருத்துவமனைக்கு அகற்றுதல், உடனிருந்தவரைக் குறிப்பிட்ட நாள்கள் ஒதுக்கி வைத்தல், வீட்டைத் தூய்மை செய்தல் ஆகியவை அதன் கூறுகள். ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கு இழந்த கூலிக்கு ஈடும் தரப்பட்டது.

கூலிக்கு ஈடு தருவது சிறிய செய்தி போலத் தோன்றும். அரசியற் கோட்பாட்டின் நோக்கில் அது பெரிது. ஊரின் நலனுக்காக ஒருவர் சுமக்கும் சுமையை ஊர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கை அதில் செயல்படுகிறது. அதேவேளையில் லெஸ்டரின் முறை கட்டாயமற்றது என்று கொள்வதும் பிழை. கத்தியை விட்டுவிட்டு அது கதவைக் கையில் எடுத்தது. நோயாளியோடு நெருங்கிப் பணியாற்றிய மருத்துவமனை ஊழியர் அம்மை குத்திக்கொண்டிருந்தனர் என்பதையும் அந்நகரின் புகழ்பாடிகள் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் இங்கு நின்று நோக்க வேண்டும். நோயாளியை அகற்றுவதற்கும் நோயின்றி உடனிருந்தவரை ஒதுக்குவதற்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள் உள்ளன. பின்னது நாற்பது நாள் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. கப்பல்களைத் துறைமுகத்திற்கு வெளியே நிறுத்தி வைத்த வழக்கத்தின் எச்சம் அது. 2020இல் தமிழ் இதழ்களும் அரசு அறிவிப்புகளும் இரண்டிற்கும் ‘தனிமைப்படுத்துதல்’ என்னும் ஒரே சொல்லைப் பரவலாக ஆண்டன. மருத்துவ நோக்கில் இது சிறு குழப்பம். அறவியல் நோக்கில் பெரிய இழப்பு. நோயுற்றவரை அடைத்து வைப்பதற்குக் காட்டும் காரணம், நோய் வரக்கூடும் என்று ஐயுறப்படும் ஒருவரை அடைத்து வைப்பதற்குப் போதாது. பின்னவருக்குக் கூடுதல் விளக்கமும் ஈடும் தரக் கடமை உண்டு. சொல் ஒன்றானால் அக்கடமை கண்ணுக்குத் தெரியாமற் போகிறது.

உள்ளச் சான்றும் குறுக்கு விசாரணையும்

ஹெர்ஷல் பிரபு தலைமையில் 1889இல் அமைந்த அரச ஆணைக்குழு 1896இல் இறுதி அறிக்கை அளித்தது. அம்மை குத்துவது காக்கிறது என்று அது உறுதி செய்தது. அதே மூச்சில், திரும்பத் திரும்பத் தண்டிப்பதை நிறுத்தவும், நேர்மையாக மறுப்பவருக்கு விலக்களிக்கவும் பரிந்துரைத்தது. மருத்துவ உண்மையை நிலைநாட்டிய அறிக்கையே கட்டாயத்தைத் தளர்த்தச் சொன்னது முரண்பாடாகத் தோன்றலாம். உண்மையில் அது இரு வினாக்களைப் பிரித்து அறிந்ததன் விளைவு. அம்மை குத்துவது நன்றா என்பது ஒரு வினா. மறுப்பவரைச் சிறையிடுவது நன்றா என்பது மற்றொன்று.

1898ஆம் ஆண்டுச் சட்டம் கையிலிருந்து கைக்கு இடும் முறையை விலக்கிக் கிளிசரின் கலந்த கன்று அம்மைப்பாலைக் கொண்டுவந்தது. அரசு முன்வைத்த முதல் வரைவில் மனச்சான்று விதி இல்லை. அது மக்களவையில் புகுந்து, பிரபுக்கள் அவையில் விலக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டது. அதன்படி, குழந்தை பிறந்து 4 மாதங்களுக்குள் பெற்றோர் நடுவர்களிடம் சென்று, அம்மை குத்துவது குழந்தையின் நலத்திற்குக் கேடு எனத் தாம் மனச்சான்றின்படி நம்புவதை அவர்கள் ஏற்குமாறு காட்ட வேண்டும். அவ்வாண்டு முடிவதற்குள் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட விலக்குச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன.

இவ்விதியின் மூன்று சொற்கள் ஆய்வுக்குரியன. முதலாவது மனச்சான்று. இலத்தீன் மூலத்தில் இச்சொல் ‘உடன் அறிதல்’ என்னும் பொருளது. தமிழில் வள்ளுவர் இவ்விடத்தில் ‘நெஞ்சு’ என்பதையே ஆள்கிறார். பிற்கால வழக்காகிய ‘மனச்சாட்சி’, அதன் தமிழாக்கமாகிய ‘மனச்சான்று’ ஆகிய இரண்டிலும் நீதிமன்றத்தின் மணம் வீசுகிறது; உள்ளத்தில் ஒரு சாட்சி அமர்ந்திருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஏனெனில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உள்ளச் சாட்சியைக் கூண்டிலேற்றியது.

இரண்டாவது சொல், நடுவர் ‘ஏற்குமாறு’ காட்டுதல். இதனால் நம்பிக்கையை உடையவர் ஒருவர், அது மெய்யா என்று முடிவு செய்பவர் வேறொருவர் என்றாயிற்று. பல நடுவர்கள் விண்ணப்பதாரரைக் கேள்விகளால் துளைத்தனர். என்ன நூல் படித்தாய், எந்த மருத்துவரைக் கேட்டாய் என வினவினர். காரணம் சொல்லத் தெரியாதவருக்கு மனச்சான்றே இல்லை என்பது போல நடந்துகொண்டவர் உண்டு. படித்தவரின் தயக்கம் மனச்சான்று எனவும், படியாதவரின் தயக்கம் பிடிவாதம் எனவும் பெயர் பெற்றன.

மூன்றாவது சொல் ‘பெற்றோர்’. ஆங்கிலத்தில் இச்சொல் ஒருமை; தாயையோ தந்தையையோ குறிக்கலாம். தமிழ்ச் சொல்லோ பன்மை. ஒருமையில் சொல்ல வேண்டுமாயின் தாயா தந்தையா என்று முடிவு செய்தாக வேண்டும். நடுவர்களும் முடிவு செய்தனர். குழந்தையை நாள்தோறும் பேணிய தாய் விண்ணப்பத்துடன் வந்தபோது, சட்டத்தின் பொருளில் தந்தையே உரியவர் என்று அவரைத் திருப்பி அனுப்பிய நடுவர்களும் இருந்தனர். சட்டம் எழுதியவர் தெளிவின்றி விட்ட இடத்தில் அன்றைய குடும்ப அமைப்பு பொருளுரை எழுதிற்று.

1907ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஏற்குமாறு’ என்பதை நீக்கியது. பெற்றோர் தம் நம்பிக்கையைச் சட்டமுறைப்படி எழுதி அறிவித்தால் போதும். அதிகாரி அந்த அறிவிப்பைப் பெறுபவரே தவிர, அதை எடைபோடுபவர் அல்லர். மருத்துவ அறிவு இந்த ஒன்பது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடவில்லை. பெரியம்மையின் இயல்பும் மாறவில்லை. மாறியது, எவர் சொல்லைச் சட்டம் ஏற்கும் என்பது ஒன்றே. விலக்குப் பெறுவோர் தொகை பெருகியது. இறுதியில் 1948இல் தேசிய நலப்பணி தொடங்கியபோது கட்டாயமே மறைந்தது. 1907இன் மாற்றம் நல்லதா என்பதற்கு எளிய விடை இல்லை. குத்திக்கொள்ளாத குழந்தைகள் மிகுந்தது உண்மை. அதேவேளையில் ஏழைப் பெற்றோர் நடுவர்முன் கூனிக் குறுகி நிற்கும் நிலை ஒழிந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க இயலாது.

‘மனச்சான்று மறுப்பாளர்’ என்னும் ஆங்கிலத் தொடர் பரவலானது இவ்விவாதத்தில்தான். இன்று அதைக் கேட்பவருக்குப் போர்க்களமே நினைவுக்கு வருகிறது. 1916இல் இங்கிலாந்தில் கட்டாயப் படைச்சேவை வந்தபோது, அத்தொடர் அப்படியே இடம் பெயர்ந்தது. உடன் சென்றது 1898இன் நடைமுறை. 1907இன் நடைமுறை அன்று. படைச்சேவையை மறுத்தவர்கள் நீதிக்குழுக்களின்முன் நிறுத்தப்பட்டு வினவப்பட்டனர்.

ஒப்பந்தம் பேசிய தீர்ப்பு

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு கோட்பாட்டின் துணையுடன் தீர்க்கப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் அம்மை குத்திக்கொள்ள மறுத்த பாதிரியார் ஜேக்கப்சனுக்கு 5 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஹார்லன், மக்கள் அனைவரும் ஒவ்வொருவருடனும் ஒவ்வொருவரும் அனைவருடனும் செய்துகொள்ளும் சமுதாய ஒப்பந்தத்தை மாநில அரசமைப்பிலிருந்து எடுத்துக்காட்டினார். தன்னிச்சையான, தேவைக்கு மிஞ்சிய கட்டுப்பாடு செல்லாது என்ற எல்லையையும் அவர் குறித்தார். ஆனால் எல்லை மறக்கப்பட்டு, அதிகாரம் மட்டும் மேற்கோளாயிற்று. 1927இல் அறிவுக்குறை உடையவர் என முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அதே நீதிமன்றம் ஏற்றது. நீதிபதி ஹோம்ஸ் அத்தீர்ப்பில் சுட்டிய முன்தீர்ப்பு ஜேக்கப்சன் வழக்கு. 5 டாலர் தண்டத்திற்குச் சொல்லப்பட்ட காரணம் உடலை நிலையாக மாற்றும் அறுவைக்கும் காரணமாயிற்று.

இந்தியச் சட்டத்தின் உள்ளம்

1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. அதனை எதிர்கொள்ள எழுந்த 1897ஆம் ஆண்டுச் சட்டம் நான்கே பிரிவுகளைக் கொண்டிருந்தது. சாதாரணச் சட்டங்கள் போதா எனக் கருதினால் அரசு எத்தகைய நடவடிக்கையையும் எடுக்கலாம், மீறுவோர் தண்டிக்கப்படுவர், நல்லெண்ணத்துடன் செயற்பட்டவர் பாதுகாக்கப்படுவர். மறுப்பவருக்கு இடமோ, விளக்கம் கேட்க வழியோ, இழப்பீடோ அதில் பேசப்படவில்லை. ‘கொள்ளைநோய்’ எது என்னும் வரையறையும் இல்லை. தமிழில் இச்சட்டத்தைத் ‘தொற்றுநோய்கள் சட்டம்’ என்றும் வழங்குவர். தொற்றுதல் நோயின் இயல்பு. கொள்ளை அதன் அளவு. அரசைத் தலையிட அழைப்பது இரண்டாவதே ஆதலின் ‘கொள்ளைநோய்’ என்பதே ஏற்றது.

புனேயில் டபிள்யூ. சி. ராண்டு தலைமையிலான பிளேக் குழு படைவீரரைக் கொண்டு வீடுகளைச் சோதித்தது. மக்கள் முகாம்களுக்கு அகற்றப்பட்டனர்; பொருள்கள் எரிக்கப்பட்டன. 1897 ஜூன் 22ஆம் நாள் இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். அவர் ஜூலை 3இல் இறந்தார். இவை பலராலும் எழுதப்பட்ட செய்திகள். இங்குக் கருதத்தக்கது வேறு. தனிமனித விருப்பத்தை இத்துணை மதித்த நாட்டின் ஆட்சியாளர், மறுப்பவரின் உள்ளத்திற்கு ஒரு சொல்லும் ஒதுக்காத சட்டத்தை எழுதியது எவ்வாறு? விடை மில்லின் நூலிலேயே உள்ளது. தம் கொள்கையிலிருந்து அவர் விலக்கியவர் குழந்தைகள் மட்டும் அல்லர். ‘பின்தங்கிய’ நிலையிலுள்ள சமுதாயங்களும் விலக்கப்பட்டன. அவர்களை முன்னேற்றும் நோக்கம் உண்டாயின் தன்னதிகார ஆட்சியும் முறையே என்றார், கிழக்கிந்தியக் கம்பெனியில் பல்லாண்டு பணியாற்றிய மில். இங்கிலாந்தில் குழந்தைக்காகப் பெற்றோர் பேசினர். இந்தியாவில் முதியவருக்காகவும் அரசே பேசியது. நோக்கம் நன்றாயின் போதும் என்னும் அக்கோட்பாடே சட்டத்தில் ‘நல்லெண்ணம்’ என்னும் சொல்லாக வந்து அமர்ந்தது.

விடுதலைக்குப் பின்னும் இச்சட்டம் நீடித்தது. 1974–75இல் பெரியம்மையை ஒழிக்கும் இறுதிக் கட்டத்தில் பீகார் முதலிய இடங்களில் ஊழியர்கள் மறுத்தவரையும் வலிந்து பிடித்துக் குத்திய நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. 1980இல் உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனித குலத்தின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று அது. அதன் கணக்கில் அந்த இரவுகளும் அடங்கும். 2020இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்ந்தது. நல்லெண்ணப் பிரிவு அப்படியே நின்றது. 2022 மே 2ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம், எவரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வற்புறுத்த இயலாது, அது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உடலுரிமையின் பாற்பட்டது எனத் தீர்ப்பளித்தது. பொதுநலன் கருதி அரசு விதிக்கும் கட்டுப்பாடு நோக்கத்திற்கு ஏற்ற அளவினதாக இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. அலுவலரின் எண்ணம் நல்லதா என்பதோடு அவர் செயல் அளவானதா என்பதும் இங்கு வினாவாயிற்று.

‘நல்லெண்ணம்’ என்னும் மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரையறைப்படி, உரிய கவனமும் கருத்தும் இன்றிச் செய்தது நல்லெண்ணத்துடன் செய்தது ஆகாது. 1897 மார்ச்சில் வந்த பொதுப் பிரிவுகள் சட்டமோ, கவனக்குறைவாகச் செய்திருப்பினும் நேர்மையாகச் செய்ததாயின் அது நல்லெண்ணமே என்கிறது. அதன் வரையறை அதற்குப் பின் வந்த சட்டங்களுக்கு உரியது. கொள்ளைநோய்ச் சட்டம் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டது. தனக்கென வரையறை எதையும் தரவும் இல்லை. முதல் பொருளைக் கொண்டால் நோயாளியின் வீட்டை ஆராயாது எரித்த அலுவலர் விடை சொல்ல வேண்டியவர். இரண்டாவது பொருளைக் கொண்டால் அவர் தப்பிவிடுவார். தமிழில் ‘நல்லெண்ணம்’ என்று எழுதும்போது இரண்டாவது பொருளே மேலெழுகிறது. ‘உரிய கவனத்துடன் கூடிய நேர்மை’ என்று விரித்தெழுதினால் முதற்பொருள் காக்கப்படும்.